எண் 87, முதுகில் அப்பாவின் பெயர்

1

போன செவ்வாய்க்கிழமை பாரீசின் லா ஷப்பல் பகுதியில் ஒரு தையல்கடையில், என் அப்பாவின் பெயரைப் பிரித்தெடுக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில் இருக்கிறது அந்தக் கடை. ஒரு பக்கம் மரக்கறிக்கடை, மறுபக்கம் நகைக்கடை. நடுவில் ஆறடி அகலத்தில் யோகக்காவின் கடை. யாழ்ப்பாணத்துக்காரர். ரவிக்கை தைப்பார், காற்சட்டையின் நீளம் குறைப்பார். நான் கொண்டுபோனது இரண்டும் இல்லை. கருநீலச் சட்டை. முதுகில் வெள்ளை நிறத்தில் 87 என்ற எண். அதற்கு மேலே, தனியாக ஒரு துணிப்பட்டையில் எழுதித் தைத்த பெயர்: MUNUSAMY.

"இது என்ன உடுப்பு பிள்ளை? தோளுக்குள்ளை ரெண்டு பேர் போகலாம் போலக் கிடக்கு."

"விளையாட்டுச் சட்டைக்கா. உள்ளே தோள்கவசம் போடணும்."

"கிரிக்கெட்டோ?"

"இல்லக்கா. அமெரிக்கன் ஃபுட்பால்."

யோகக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். எனக்கு நல்ல உயரம் என்பதால் அந்தப் பார்வைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சட்டையைத் திருப்பிப் பட்டையை விரலால் தடவினார்.

"மனுசன்ர பேரோ?"

யாழ்ப்பாணத்தில் கணவனை மனுசன் என்பார்கள். எட்டு வருடங்களில் இந்த அளவுக்குக் கற்றிருக்கிறேன்.

"அப்பா பேருக்கா."

"அப்பான்ர பேரையோ பிரிக்கச் சொல்லுறீங்கள்?"

சட்டை கிளப்புக்குச் சொந்தம் என்றும், விளையாட்டை விடுகிறவர்கள் பெயரைப் பிரித்துவிட்டுத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்றும் விளக்கினேன். பட்டை மட்டும் எனக்கு, அது கிழியக் கூடாது என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். வேகமாக இருந்ததால் எனக்குப் பாதிதான் புரிந்தது.

"நான் தமிழிலை கேப்பன், அவ பிரெஞ்சிலை மறுமொழி சொல்லுவா" என்றார் யோகக்கா. "ஒரு வீட்டிலை ரெண்டு ரேடியோ. இப்ப உங்கட விளையாட்டுக்கு ஆள் எடுக்கினமோ எண்டு கேக்கிறா. எடுத்தாலும் இவ போகமாட்டா. கட்டிலாலை எழும்பவே பத்து மணி."

வியாழக்கிழமை வரச் சொன்னார். வெளியே வந்து மெத்ரோ பாலத்தின் கீழே சிறிது நேரம் நின்றேன். இந்தச் செப்டம்பரோடு நான் பிரான்சுக்கு வந்து எட்டு வருடம். அதில் நான்கு வருடம் அந்தச் சட்டைக்குள் இருந்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

2

பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊரில் நான் மு. கலைச்செல்வி. அந்த 'மு' ஒரு புள்ளியோடு ஒதுங்கி நிற்கும், யாருக்கும் தொந்தரவு தராது. கடவுச்சீட்டு எடுக்கும்போது அதை விரித்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 2009 செப்டம்பரில் முதுகலை படிக்க இங்கே வந்து இறங்கியதும், விரித்த அந்தப் பெயர் என்னை விழுங்கிவிட்டது. குடும்பப்பெயர்: முனுசாமி. பல்கலைக்கழகத்தில், வங்கியில், மருத்துவரிடம், தபால்பெட்டியின் மேல், எங்கும் நான் முனுசாமி. கலைச்செல்வியைக் கேட்பார் இல்லை.

வதிவிட அட்டைக்காக ப்ரெஃபெக்தூர் என்கிற அரசு அலுவலகத்தில் காத்திருந்த முதல் நாளில், பெண் அலுவலர் ஒருவர் கூண்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார்: "முசியே ம்யுன்யுஸாமி!"

முசியே என்றால் ஐயா. U என்ற எழுத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'உ' என்று வாசிக்க மாட்டார்கள், உதட்டைக் குவித்து 'யு' ஆக்கிவிடுவார்கள். நடுவில் வரும் 'சா'வையும் ஈரமாக 'ஸா' ஆக்கிவிடுவார்கள். அது என் அப்பாதான் என்று எனக்கு மூன்றாவது முறைதான் உறைத்தது. ஓடிப்போய் நின்றேன்.

"நான் முசியே முனுசாமியைக் கூப்பிட்டேன்."

"அது என் அப்பா."

"அப்படியானால் அவரை வரச் சொல்லுங்கள்."

அவர் இங்கே வரமுடியாது, திண்டிவனம் பக்கத்தில் ஒரு கமிட்டியில் நெல்மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறார் என்பதைச் சொல்ல அன்று என்னிடம் பிரெஞ்சு இல்லை. நெல்லை ஏலம் விடும் விற்பனைக்கூடத்தைத்தான் எங்கள் பக்கம் கமிட்டி என்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டார். எங்கள் ஊரில் அவர் வயதுப் பெண்கள் யாருமே கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அம்மா ஒரு படி மேலே போய், அந்தப் பெயரில் இருக்கும் 'சாமி'யையும் விட்டுவிட்டார். "சாமி கும்பிடப் போறேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "கும்பிட்டுட்டு வரேன்" என்பார். சத்தியம் செய்தால்கூட "மேல இருக்கறவன் சத்தியமா" என்றுதான். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளுவார். "நீ சொல்லு." நான் எக்கி நின்று கத்துவேன்: "முனுசாமி!" ஐந்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

3

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை எந்தக் கூட்டத்திலும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஆனால் சொல்வதற்கு ஒரு கூட்டம் வேண்டுமே.

படிப்பு முடிந்து மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்தது. பாரீசுக்கு வடக்கே பியர்ஃபித்-சூர்-செய்னில், நான்காவது மாடியில் ஓர் அறை. காலையில் ரயில், மாலையில் ரயில். அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் "வாரஇறுதி எப்படி?" என்று கேட்பார்கள். "நன்றாக இருந்தது" என்பேன். வெள்ளி மாலை அலுவலகத்தில் "நல்ல வாரஇறுதி" என்று சொன்னபின் திங்கள் காலை "வணக்கம்" சொல்லும்வரை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசுவதைத் தவிர, என் வாயிலிருந்து ஒரு சொல் வராத வாரங்கள் பல உண்டு.

லா ஷப்பலுக்குப் போவேன். முருங்கைக்காய் வாங்குவதற்கு மட்டும் என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் தமிழைக் கேட்கத்தான். ஆனால் நான் "ஆமாம்" என்று சொன்ன மாத்திரத்தில் ஈழத்துக் கடைக்காரர் "நீங்கள் இந்தியாவோ?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். அவர்கள் எல்லோரும் "ஓம்" என்கிற இடத்தில் நான் மட்டும் "ஆமாம்". அந்த ஒரு சொல்லால் நான் மறுபடி தனியாகிவிடுவேன். அவர்கள் இழந்துவந்தவை எதையும் நான் இழக்கவில்லை. அதனால் அவர்களுடைய துக்கத்தில் உட்கார எனக்கு இடமில்லை. அவர்களுடைய கொண்டாட்டத்தில் என்னைக் கூப்பிட யாருக்கும் என்னைத் தெரியவும் தெரியாது.

2013 இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, ரயிலில் நெரிசல். நான் மேலே இருக்கும் குழாயையே பிடித்து நின்றிருந்தேன். எதிரே இருந்த கறுப்பினப் பெண், தோளில் பெரிய பை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு உயரம் நீ?"

ஊரில் இந்தக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு கேலி வரும். பனைமரம். ஒட்டடைக் குச்சி. இவளுக்கு மாப்பிள்ளையை எந்த ஏணியில் ஏற்றுவது. நான் விறைப்பாகச் சொன்னேன்: "ஒரு மீட்டர் எழுபத்தெட்டு."

"அதிர்ஷ்டக்காரி" என்றாள்.

அவள் பெயர் ஜோஸ்லின். கரீபியக் கடலின் குவாதலூப் தீவுக்காரி. முதியோர் இல்லத்தில் வேலை. வாரத்தில் இரண்டு மாலை அமெரிக்கன் ஃபுட்பால், பெண்கள் அணி. "வந்து பார். பிடிக்காவிட்டால் போய்விடு."

போனேன். வேறு எங்கும் போவதற்கில்லை என்பதுதான் காரணம். புறநகரில், ரயில்பாதை ஓரத்தில் ஒரு மைதானம். பயிற்சியாளர் கையில் படிவத்தோடு வந்து கேட்டார்: "உன்னிடம் லிசான்ஸ் இருக்கிறதா?"

இந்த நாட்டில் பட்டப்படிப்புக்கு 'லிசான்ஸ்' என்று பெயர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆள் கறுப்பாக, ஒல்லியாக இருந்தால் படித்திருக்க மாட்டாள் என்ற எண்ணமா? நிமிர்ந்து நின்று சொன்னேன்: "லிசான்ஸ் மட்டும் இல்லை. மாஸ்தர் முடித்திருக்கிறேன். என் குடும்பத்திலேயே முதலாவது ஆள்."

இருபது பெண்கள் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஜோஸ்லின் புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். விளையாட்டு அணியில் பதிவுசெய்யும் அட்டைக்கும் இங்கே லிசான்ஸ் என்றுதான் பெயராம். பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. படிவத்தில் எழுதிக்கொண்டே சொன்னார்: "நல்லது. மாஸ்தர் முடித்தவர்கள் எங்கள் அணியில் குறைவு. டைட் எண்டாக நில்."

4

டைட் எண்ட் என்றால் என்ன என்று ஊரில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

பந்து வைத்திருக்கும் அணியில், முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவர்கள் வேலை எதிரியை முட்டித் தள்ளுவது மட்டும். பந்தைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. தூரத்தில், ஓரங்களில், வேகமாக ஓடிப் பந்து பிடிக்கிறவர்கள் நிற்பார்கள். அவர்கள் அதிகம் முட்டத் தேவையில்லை. டைட் எண்ட் முட்டுகிறவர்களின் வரிசையில் கடைசி ஆளாக ஒட்டி நிற்பாள். முட்டவும் வேண்டும், சமயம் வந்தால் விலகி ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். பெரும்பாலும் சமயம் வராது. பத்துத் தடவை முட்டினால் ஒரு தடவை ஓடலாம். ஓடினாலும் பந்து வேறு யாருக்காவது போகும்.

முதல் பருவம் முழுக்க முட்டினேன். பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருப்பார்: "கீழே போ! இன்னும் கீழே! தாழ்ந்தவள்தான் ஜெயிப்பாள்!" உயரமானவர்களுக்கு இது கஷ்டம். தோள்கவசம் கழுத்தை அறுக்கும். தலைக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே கேட்கும். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எல்லோரும் வட்டமாக நின்று தோளில் கைபோட்டுக்கொள்வோம். என் இடது தோளில் ஒரு கை, வலது தோளில் ஒரு கை. இந்த நாட்டில் நான்கு வருடம் யாரும் என்னைத் தொட்டதில்லை என்பது அந்த வட்டத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சட்டை வந்தது. பதிவில் குடும்பப்பெயர் இருந்ததால் அதையே தைத்திருந்தார்கள். முனுசாமி, எண் 87. பயிற்சியாளர் "ம்யுன்யுஸாமி" என்று முழுதாகக் கத்தி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும் என்பதால் அணி அதைச் சுருக்கியது. ஸாமி.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் ஜோஸ்லின். "நண்பர்கள், அதாவது 'லே அமி' என்பதைச் சேர்த்துச் சொன்னால் 'லேஸாமி' என்றுதான் வரும். எங்கள் தீவிலும் தோழிக்கு ஸான்மி. உன் அப்பா நல்ல பெயர் வைத்திருக்கிறார்."

"எங்கள் மொழியில் அதற்குக் கடவுள் என்று அர்த்தம்."

"அது ரொம்ப அதிகம். நீ பந்தை நழுவவிடுகிற அழகுக்கு, தோழியே போதும்."

5

அப்பாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேசுவேன். சாப்பாடு, குளிர், வேலை. மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மூன்று வருடத்துக்கு மேல் மறைத்தேன்.

காரணம் இருந்தது. அப்பாவின் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். முப்பது வருட மூட்டை. பள்ளி விடுமுறையில் ஒருநாள், எனக்கு அப்போது பதினொரு வயது, கமிட்டியில் சிதறிய நெல்லைக் கூட்டிய பெண்களோடு நானும் சேர்ந்து ஒரு சின்ன மூட்டையை நகர்த்தினேன். அப்பா கொக்கியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அடிக்கவில்லை.

"நீ முதுகு வளைக்கக் கூடாதுன்னுதான் பாப்பா நான் வளைக்கிறேன்" என்றார். "இனிமே இந்தப் பக்கம் வராத."

கூலி உடம்பிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஓர் ஆளையாவது விடுவிக்க வேண்டும் என்று ஒரு மனிதர் முப்பது வருடம் சுமந்தார். விடுபட்ட ஆள் பாரீசுக்கு வந்து, யாரும் கேட்காமலே, சும்மா, சனி ஞாயிறுகளில் குனிந்து நின்று தோளால் ஆட்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். இதை அவரிடம் எந்த வாக்கியத்தில் சொல்வது? எனக்குக் கிடைத்த படிப்பில் அந்த வாக்கியம் இல்லை.

இத்தனைக்கும் நான் குனிந்து நிற்கும்போதெல்லாம் கமிட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். புதிதாக வந்த ஆட்களிடம் அவர் சொல்வது நினைவில் இருக்கிறது: "குனிஞ்சு வாங்குனா மூட்டை ஒன்னோடது. நிமிந்து வாங்குனா நீ மூட்டையோடது."

6

இந்த ஜனவரியில் தெரிந்துவிட்டது.

கிளப் ஒரு புகைப்படத்தை முகநூலில் போட்டிருந்தது. மழைநாள். நான் நான்கு காலில் சேற்றில் கிடக்கிறேன், மேலே இரண்டு பேர். தலைக்கவசம் விலகி முகம் பாதி தெரிகிறது. முதுகில் பெயர் முழுதும் தெரிகிறது. என் சித்தப்பா மகள் ரேவதி, கல்லூரிக்காரி, அதைப் பார்த்துப் பெருமையோடு எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனாள். "பெரியப்பா, அக்கா சட்டையில ஒங்க பேரு போட்டிருக்குது பாருங்களேன்!"

அந்த ஞாயிறு அப்பாவே போனை வாங்கினார்.

"என்னாது அது?"

"விளையாட்டுப்பா."

"மூட்டை தூக்கறவன் மாதிரி குனிஞ்சு நிக்கறது வெளயாட்டா? மேல ரெண்டு பேரு ஏறிக் கெடக்கறாளுங்க."

"அப்பா, இங்க டாக்டருங்க, டீச்சருங்க எல்லாம்…"

"எம் பேர மண்ணுல போட்டுப் பொரட்டத்தான் பாரீசுக்குப் போனியா?"

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விட்டுவிடுகிறேன் என்றிருக்கலாம். "இது என் உடம்பு, நான் சம்பாதிக்கிறேன்" என்று சொன்னேன்.  அப்பா போனை அம்மாவிடம் கொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அதன்பிறகு அப்பா போனுக்கு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா ஏதாவது சொல்வார். "வெளிய போயிருக்காரு." "தூங்கறாரு." ஒருமுறை பின்னால் அப்பா இருமுவது கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஆரணிக்குப் போயிருக்காரு" என்றார். நானும் கேட்டுவாங்கவில்லை. நானும் அவர் மகள்தான்.

ஆனால் நான் இங்கே தாங்கிக்கொண்டிருந்தது அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் என்று, அது நின்ற பிறகு தெரிந்தது. மைதானத்தில் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். அவர் மட்டும் என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை.

7

மார்ச் மாதத்தில் என் வாழ்நாளின் ஒரே டச்டவுனைப் போட்டேன். பந்தோடு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன், ஆறு புள்ளி.

நான்கு பருவங்களில் என்னை நோக்கி வந்த பந்துகளை விரல்விட்டு எண்ணலாம். அன்று பந்தை எறிய வேண்டிய ஜோஸ்லினுக்கு ஓரங்களில் யாரும் காலியாக இல்லை. நான் முட்டிவிட்டு, பழக்கம்போல ஓர் அடி விலகி நின்றேன். பந்து வந்தது. பிடித்தேன். திரும்பினேன். ஒருத்தி இடித்தாள், விழவில்லை. இன்னொருத்தி காலைப் பிடித்தாள், அவளையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தேன். ஓரத்தில் நின்றவர்கள் எல்லாம், மாற்று ஆட்டக்காரிகள், அவர்களுடைய குழந்தைகள், ஒருத்தியின் கிழட்டு மாமனார், ஒரே குரலில் கத்தினார்கள்: "ஸாமி! ஸாமி! ஸாமி!"

வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவினேன். தோசை ஊற்றினேன். ஜோஸ்லின் அனுப்பிய காணொளி கைப்பேசியில் இருந்தது. அதை அனுப்ப எனக்கு உலகத்தில் ஒரே ஒரு விலாசம்தான் இருந்தது. அனுப்பவில்லை. தோசை கல்லிலேயே காய்ந்தது.

இரண்டு வாரம் கழித்து, பக்கவாட்டில் வந்து விழுந்த ஒருத்தியால் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. மருத்துவமனையில் ஒரு படிவம். அவசரத்துக்கு யாரை அழைப்பது? பெயர், உறவு, தொலைபேசி. நிரப்பக்கூடிய எல்லாப் படிவங்களையும் எட்டு வருடமாக நிரப்பி வருகிறேன், இந்த ஒரு வரியில் பேனா நின்றது. ஜோஸ்லினின் எண்ணை எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'அமி' என்று எழுதினேன்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் செவிலி கையில் கட்டிய பட்டையைச் சரிபார்த்தார். "நீங்கள்தான் ம்யுன்யுஸாமி?"

"ஆமாம்" என்றேன். அந்த நிமிடத்தில் அப்பாவும் என்னோடு படுத்திருப்பதுபோல இருந்தது.

டைட் எண்டாக என் வாழ்க்கை அதோடு முடிந்தது. நான்கு பருவம், ஒரு டச்டவுன், ஒரு முழங்கால்.

8

அம்மா இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. சேலைகூட. முழங்கால் போனதை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். ஜூலையில் ஒரு ஞாயிறு திடீரென்று சொன்னார்: "அந்த வெளயாட்டு ஆடுறத எனக்குக் காட்டு."

"எதுக்கும்மா? முடிஞ்சு போச்சு."

"கால ஒடச்சிக்கிற அளவுக்கு அதுல என்னா இருக்குதுன்னு பாக்கணும்."

ரேவதியின் கைப்பேசிக்கு மார்ச் மாதக் காணொளியை அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்த இன்னொரு போனுக்கு வீடியோவில் அழைத்தேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வாசற்படிக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு முதுகு தெரிந்தது. வலது தோள் தாழ்ந்த முதுகு. ஆறு மாதம் கழித்து அந்த முதுகைப் பார்த்தேன். அது திரும்பவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ரேவதி ஓடவிட்டாள். இங்கே என் அறையில், அந்த வீட்டுக்குள்ளிருந்து திரும்பி வந்த சத்தம் கேட்டது. விசில். மோதல். பிறகு அந்தக் கூச்சல். "ஸாமி! ஸாமி! ஸாமி!"

முதுகு அசையாமல் கேட்டது: "என்னா கத்தறாளுங்க?"

என்னைக் கேட்கவில்லை. பொதுவாகத்தான் கேட்டார். நான் என்ன சொல்வது என்று தேடினேன். தோழி என்று சொல்லவா? பிரெஞ்சு இலக்கணத்தை விளக்கவா? ரேவதிக்கும் பிடிபடவில்லை. "ஏதோ பிரெஞ்சுல பெரியப்பா" என்றாள்.

"பிரெஞ்சும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா. "ஒங்க பேரத்தான் சொல்றாங்க. சாமி, சாமின்னு."

சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முப்பத்து மூன்று வருடமாக ஒரு சொல்லை வாயில் வராமல் காத்தவருக்குத்தான், அதை எந்த வாய் எப்படிக் கோணலாகச் சொன்னாலும் காதில் விழும் போலிருக்கிறது. படித்த எங்கள் இருவருக்கும் கேட்காதது அவருக்குக் கேட்டது.

"ஐயோ, பெரிம்மா பேரச் சொல்லிடுச்சு!" என்று ரேவதி கத்தினாள். அம்மா அவளை அடிக்கக் கை ஓங்கினார். நாற்காலி திரும்பியது.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் அப்பா.

மூன்று முறை பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, லாரியில் மூட்டை அடுக்குவதைச் சரிபார்ப்பதுபோலப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய கண் முழுதும் ரேவதியின் போனில் இருந்தது.  கடைசியில் சொன்னார்:

"நிமிந்தே வாங்குற. அதான் முட்டி போயிடுச்சு. குனிஞ்சு வாங்கணும் பாப்பா."

முட்டி போனது வேறொரு ஆட்டத்தில். பக்கவாட்டில் விழுந்தவளால். அதற்கும் நிமிர்ந்ததற்கும் சம்பந்தமில்லை.

"ஆமாப்பா" என்றேன்.

 போனை வைப்பதற்கு முன்னால் அம்மா கேட்டார்: "முதுகுல தச்சிருக்குதே ஒரு துணி, அத அனுப்பு. ஊட்ல வெச்சிக்கறேன்."

9

வியாழக்கிழமை மாலை யோகக்கா கடையில் இல்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்களாம். அவருடைய கணவர் இருந்தார். கல்யாண வீட்டு ரவிக்கைகளுக்காக மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். நான் கடைசியில் கதவோரம் நின்றேன்.

அவர் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசியால் குத்திய துண்டுச்சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். ஒரு பையை எடுத்ததும் நிறுத்தினார். சட்டை மடித்திருந்தது. அதன்மேல், ஒரு நூல்கூடத் தொங்காமல், எழுத்துச் சிதையாமல், வெள்ளைப் பட்டை. அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததைத் தமிழன் வாயால், 'உ'வை 'உ'வாக, 'சா'வை 'சா'வாக.

"முனுசாமி! ஆர் இஞ்சை முனுசாமி?"

இந்த நாட்டில் எட்டு வருடத்தில் அப்படி அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் எக்கி நின்ற ஐந்து வயசுக்காரியின் காதில் விழுந்ததுபோல விழுந்தது. காத்திருந்த பெண்கள் யாரோ ஓர் ஆணைத் தேடித் திரும்பினார்கள்.

நான் கொஞ்சம் நொண்டிக்கொண்டே முன்னால் போனேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்களோ? பொம்பிளைப் பிள்ளைக்கு முனுசாமியோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.